அழகர்மலையில் ஒரு குரங்கு நடை!

குழந்தைகளே, மலைக் கோயிலுக்குப் போயிருக்கிறீர்களா? படியேறும்போது உங்கள் கையில் இருந்த வாழைப்பழத்தை யாராவது 'வெடுக்'கென்று பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்களா? அந்த 'யாராவது' மரக்கிளையில் உட்கார்ந்து, உங்களைப் பார்த்துக்கொண்டே அந்தப் பழத்தை உரித்துத் தின்றிருப்பாரே! அவரைச் சந்திக்கத்தான் இந்த வாரம் போகப்போகிறோம்.

மதுரைக்கு வடகிழக்கே சுமார் 21 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது அழகர்மலை. அடிவாரத்தில் கள்ளழகர் கோயில். மலைக்கு நடுவில் பழமுதிர்சோலை முருகன் கோயில். அதற்கும் மேலே நூபுர கங்கைத் தீர்த்தமும் ராக்காயி அம்மன் கோயிலும். ஒரே மலையில் மூன்று கோயில்கள்! மூன்று இடத்திலும் குரங்குகள்!

ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில், மதுரையைச் சேர்ந்த ஏழாம் வகுப்பு மாணவ, மாணவிகள் சிலர் தங்கள் அறிவியல் டீச்சரோடு இந்த மலையில் நடந்தார்கள். வழி காட்டியவர் ஒரு தாத்தா. வனக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். மலையின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு அத்துப்படி. நாமும் அவர்களோடு ஒட்டிக்கொண்டோம்.

முதலில் பையை மூடு!

காலை ஏழு மணி. அடிவாரத்தில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார் தாத்தா.

"கையில ஒரு பொருளும் இருக்கக் கூடாது ராசா. தின்பண்டம் எல்லாம் பைக்குள்ள போகட்டும். பிளாஸ்டிக் கவர் வெளியே தெரியவே கூடாது. கவர் சத்தம் கேட்டாப் போதும், எங்க ஆளுக்கு எங்கிருந்தாலும் தெரிஞ்சுரும்!"

எல்லோரும் பையை மூடினார்கள். கடைசி வரிசையில் நின்ற ஒரு பையன் மட்டும் தயங்கினான். அவன் பையில் ஒரு பெரிய பொட்டலம் வறுத்த வேர்க்கடலை.

"டீச்சர், இது எனக்கு இல்ல. குரங்குகளுக்குக் கொடுக்கச் சொல்லி எங்க பாட்டி கொடுத்தனுப்பினாங்க. ஆஞ்சநேயருக்கே கொடுத்த மாதிரின்னு சொன்னாங்க."

டீச்சர் சிரித்தார். "இப்போ பையிலேயே இருக்கட்டும்டா. கொடுக்கிறதா வேண்டாமான்னு மலையை விட்டு இறங்குறப்போ நீயே முடிவு பண்ணு" என்றார்.

மதில் மேல் ஒரு குடும்பம்

கள்ளழகர் கோயில் 108 வைணவத் திருத்தலங்களில் ஒன்று. சித்திரைத் திருவிழாவில் தங்கக் குதிரையில் போய் வைகை ஆற்றில் இறங்குகிறாரே, அந்த அழகர் வாழும் இடம் இதுதான். கோபுர வாசலில் காவல் தெய்வமான பதினெட்டாம்படிக் கருப்பசாமி. அங்கே உருவச் சிலை கிடையாது. மூடிய பெரிய கதவுக்குச் சந்தனம் சாத்தி, மாலை போட்டு வணங்குகிறார்கள்.

"அங்கே பாருங்க" என்று பழைய மதிலைக் காட்டினார் தாத்தா. மதில் மேல் ஏழெட்டுக் குரங்குகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

தலையைக் கவனியுங்கள். நடுவில் வகிடு எடுத்து, சுற்றிலும் வாரிவிட்டது போல முடி. குல்லாய் போட்டது போலத் தெரிகிறது அல்லவா? அதனால் இதற்குக் 'குல்லாய்க் குரங்கு' என்று பெயர். நாம் சாதாரணமாக 'நாட்டுக் குரங்கு' என்போம். வாலோ உடம்பைவிட நீளம்! வட இந்தியக் கோயில்களில் இருப்பது வேறு இனம். ரீசஸ் குரங்கு என்று பெயர். அதற்கு வால் குட்டை.

இன்னொரு ஆச்சரியம். குல்லாய்க் குரங்கு தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறு எங்கும் இயற்கையாக வாழவில்லை! மதுரைக்காரர்களுக்குத் தெருவில் தினமும் பார்க்கும் பிராணி. ஆனால், உலகத்துக்கு அது அபூர்வம்.

"ஆண் குரங்குக்குக் கடுவன்னு பேரு. பெண் குரங்குக்கு மந்தி. தமிழில் ரொம்பப் பழைய வார்த்தைகள். யார் கடுவன், யார் மந்தின்னு கண்டுபிடிங்க பார்ப்போம்" என்றார் டீச்சர்.

கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. கடுவன் பெரிய உருவம். மந்திகளில் இரண்டின் வயிற்றில் குட்டிகள் தொங்கின. இந்தக் குரங்குகளுக்குப் பெரும்பாலும் பிப்ரவரியில் இருந்து ஏப்ரலுக்குள் குட்டிகள் பிறக்கும். ஆக, இந்தக் குட்டிகளுக்கு இப்போது நாலைந்து மாதம்தான் இருக்கும். தாய் தாவும்போதெல்லாம் வயிற்று முடியை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன.

பேன் பார்க்கிறதா?

மலைப்பாதையில் நடக்க ஆரம்பித்தோம். பழமுதிர்சோலைக்குச் சுமார் மூன்று கிலோமீட்டர். பஸ்ஸிலும் போகலாம். ஆனால், நடந்தால்தானே எதையும் பார்க்க முடியும்!

ஒரு பாறை மேல் ஒரு மந்தி படுத்திருந்தது. இன்னொரு மந்தி அதன் முதுகு முடியை விலக்கி விலக்கி எதையோ எடுத்து வாயில் போட்டது.

"பேன் பார்க்குது டீச்சர்!"

"பேனும் உண்டு. உலர்ந்த தோல், அழுக்கு, உண்ணியும் உண்டு. ஆனா, சுத்தம் பண்றது மட்டும் இல்ல. நீங்க நண்பன் தோளில் கை போட்டுக்கிறீங்களே, அந்த மாதிரி. சண்டை போட்டவங்க சமாதானம் ஆகிறதும் இப்படித்தான்."

மந்திகள் பெரும்பாலும் பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை வாழும். அம்மா, அக்கா, பெரியம்மா, சித்தி எல்லாம் ஒரே கூட்டத்தில்! வளர்ந்த கடுவன்கள் சில வேறு கூட்டம் தேடிப் போய்விடும்.

ஒரு மாணவி குரங்கைப் பார்த்து 'ஈ...' என்று பல்லைக் காட்டினாள். தாத்தா சட்டென்று, "வேண்டாம் ஆத்தா!" என்றார்.

குரங்குகளின் பாஷையில் பல்லைக் காட்டுவது சிரிப்பு அல்ல. பெரும்பாலும் பயத்தின் அடையாளம். கண்ணை விரித்து, வாயை 'ஆ'வென்று திறந்து முறைத்தால், 'கிட்டே வராதே' என்ற மிரட்டல். நாம் கண்ணோடு கண் பார்ப்பதையும் சண்டைக்கு அழைப்பதாகவே அது எடுத்துக்கொள்ளும். நாம் அன்பாகப் பார்க்கிறோம் என்று அதற்கு எப்படித் தெரியும்?

பழம் உதிரும் சோலை

முருகனின் அறுபடை வீடுகளில் ஆறாவது, பழமுதிர்சோலை. 'சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா?' என்று மாடு மேய்க்கும் சிறுவனாக வந்த முருகன் ஒளவைப் பாட்டியிடம் கேட்டாரே, அந்தக் கதை நடந்ததாகச் சொல்லப்படும் இடம் இது. மரத்தை உலுக்கியதும் நாவல் பழங்கள் கீழே விழுந்தன. ஒளவை எடுத்து மண்ணை ஊதினார். 'பழம் சுடுகிறதா பாட்டி?' என்று சிரித்தான் சிறுவன்!

பழம் உதிர்கிற சோலை என்று மலைக்கே பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால், இங்கே எத்தனை மரங்கள் இருந்திருக்கும்! நக்கீரர் பாடிய திருமுருகாற்றுப்படையின் முடிவில் இந்த மலையின் அருவி வருகிறது. பலாச்சுளைகளையும் பூக்களையும் அடித்துக்கொண்டு அருவி விழுகிறது. அந்தச் சாரலில் குரங்குகள் குளிரால் நடுங்குகின்றன. ஆக, முருகன் பாட்டிலேயே குரங்குகள் இருக்கின்றன!

இங்கே டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். மாணவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார். ஒரு குழு கடைகளின் பக்கம் இருக்கும் குரங்குகளைப் பார்க்க வேண்டும். இன்னொரு குழு கொஞ்சம் தள்ளி, மரங்களில் இருக்கும் குரங்குகளைப் பார்க்க வேண்டும். இருபது நிமிடம். அவை என்ன தின்கின்றன என்று எழுத வேண்டும். அவ்வளவுதான்.

கடைப் பக்கக் குழுவின் தாள் இப்படி இருந்தது: வாழைப்பழம், பொரி, தேங்காய்ச் சில், முறுக்கு, ஐஸ்கிரீம் கப்பை நக்கியது, குளிர்பான பாட்டிலைக் கடித்துத் திறந்தது, சிப்ஸ் கவரையும் சேர்த்து மென்றது. கீழே ஒரு குறிப்பு: 'மூன்று முறை சண்டை. ஒரு சின்னக் குரங்குக்குக் காதில் கடி.'

மரப் பக்கக் குழுவின் தாள்: அத்திப் பழம், தளிர் இலை, ஏதோ ஒரு பூ, பட்டையை உரித்து உள்ளே இருந்த பூச்சி, சிலந்தி. கீழே குறிப்பு: 'சண்டை இல்லை. ரொம்ப நேரம் தேடித் தேடித் தின்றது.'

"ஒரு குரங்கு பழத்தை முழுங்காம கன்னத்துக்குள்ளே வச்சுக்கிட்டே போச்சு டீச்சர். கன்னம் ரெண்டும் பந்து மாதிரி ஆயிருச்சு!" என்றான் ஒருவன்.

அது குரங்கின் கன்னப் பை. வாயின் இரண்டு பக்கமும் இருக்கிறது. கிடைத்ததை மளமளவென்று அதில் அடைத்துக்கொண்டு, பத்திரமான இடத்துக்குப் போய், புறங்கையால் கன்னத்தை அழுத்தி, மெதுவாக வாய்க்குக் கொண்டுவந்து மெல்லும். தின்று முடித்துக் கொட்டையைத் துப்பும். எங்கே? தாய் மரத்தில் இருந்து தள்ளி! மழை பெய்ததும் அங்கே ஒரு புது மரம் முளைக்கும். ஆல், அத்தி போன்றவற்றின் சின்ன விதைகள் அதன் எச்சத்தின் வழியே போய் முளைக்கும்.

"அப்போ இந்தச் சோலையை நட்டவங்களில் குரங்கும் ஒருத்தர்!" என்றாள் ஒரு மாணவி.

"ஆமாத்தா. சம்பளம் வாங்காத தோட்டக்காரன்" என்றார் தாத்தா. "ஆனா, கடைப் பக்கமே உட்கார்ந்திருக்கிறவன் எந்த விதையைத் துப்புவான்? சிப்ஸ் முளைக்குமா?"

கிரீச்ச்ச்!

நூபுர கங்கைக்குப் போகும் ஏற்றத்தில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு வளைவில் வேன் ஒன்று ஓரமாக நின்றது. ஜன்னலில் இருந்து யாரோ வாழைப்பழங்களை வீசினார்கள். வேனுக்குள் சிரிப்புச் சத்தம். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

மரங்களில் இருந்து குரங்குகள் 'தட தட'வென்று இறங்கி ரோட்டுக்கு ஓடி வந்தன. முன்னால் ஒரு கடுவன். பின்னால், வயிற்றில் குட்டியோடு ஒரு மந்தி.

மேலே இருந்து பஸ் ஒன்று வளைவில் இறங்கியது.

'கிரீச்ச்ச்!'

பஸ் நின்றுவிட்டது. மந்திக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு முழம் இருந்தால் அதிகம். அது பயத்தில் அப்படியே உறைந்து உட்கார்ந்திருந்தது. குட்டியின் கண்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பிறகு ஒரே தாவாகத் தாவி மரத்துக்குப் போய்விட்டது. வாழைப்பழம் ரோட்டில் நசுங்கிக் கிடந்தது.

டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேனில் இருந்தவர்கள் ஒன்றும் பேசாமல் கிளம்பிவிட்டார்கள்.

எங்கள் கூட்டத்திலும் யாரும் பேசவில்லை. கொஞ்ச தூரம் நடந்தபிறகு தாத்தாவே ஆரம்பித்தார்.

"இன்னிக்கு டிரைவர் தம்பி பார்த்துட்டாரு. எல்லா நாளும் அப்படி இருக்காது. முன்னாடி ஒரு தடவை இதே பாதையில ஒரு குட்டி அடிபட்டுப் போச்சு. தாய்க்காரி அதை விடல. மூணு நாளா கையிலேயே தூக்கிக்கிட்டுத் திரிஞ்சா. ஈ மொய்ச்சா ஓட்டுவா. முடியைக் கோதி விடுவா. அப்புறம் ஒரு நாள் காலையில பார்த்தேன், கை வெறுமையா இருந்துச்சு. மதில் மேல தனியா உட்கார்ந்திருந்தா."

இறந்த குட்டியைத் தாய்க் குரங்கு பல நாட்கள் சுமந்து திரிவதை விஞ்ஞானிகளும் பதிவு செய்திருக்கிறார்கள்.

பாட்டி சொன்னது தப்பா?

வேர்க்கடலைப் பையன் நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டான்: "அப்போ எங்க பாட்டி சொன்னது தப்பா டீச்சர்? பசிக்கிற பிராணிக்குக் கொடுக்கிறது நல்லதுதானே?"

டீச்சர் ஒரு பாறையில் உட்கார்ந்தார். "பாட்டி மனசு தப்பு இல்லடா. ரொம்பப் பழைய மனசு அது. மதுரைக்குப் பக்கத்துல இன்னொரு மலை இருக்கே, திருப்பரங்குன்றம்? சங்க நூலான பரிபாடலில் அந்த மலைக்கு வந்த ஜனங்களைப் பற்றிப் பாட்டு இருக்கு. சில பேர் குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுத்தாங்களாம்.  அத்தனை நூற்றாண்டுக்கு முன்னாடியே உன் பாட்டி மாதிரி பாட்டிகள் இருந்திருக்காங்க!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆனா, அப்போ மலைக்கு வந்தவங்க நடந்து வந்தாங்க. பஸ் இல்ல, வேன் இல்ல. பிளாஸ்டிக் இல்ல. சுத்தி எங்கும் காடு. திருவிழாவுக்கு வந்தவங்க போனதும், குரங்கு திரும்பக் காட்டுக்கே போயிரும். இப்போ அப்படியா? தினமும் கூட்டம். தினமும் பொட்டலம். அது காட்டுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாம நாம பண்ணிட்டோம்."

தாத்தா தொடர்ந்தார். "கொடுத்துப் பழக்கினது நாம. ஒரு நாள் கொடுக்கலேன்னா அது பிடுங்குது. பிடுங்கினா 'பொல்லாத குரங்கு'ன்னு கல்லால அடிக்கிறோம். கூண்டு வச்சுப் பிடிச்சு வேற காட்டுல விடச் சொல்லி மனு கொடுக்கிறோம். புது இடத்துல அதுக்கு எந்த மரம் எங்கே இருக்குன்னு தெரியாது. அங்கே ஏற்கெனவே இருக்கிற கூட்டம் அடிச்சு விரட்டும். பாவம், அது எங்கே போகும்?"

சாலை ஓரங்களில் நின்ற ஆலமரங்களும் அத்தி மரங்களும் பல ஊர்களில் வெட்டப்பட்டுவிட்டன. உணவும் போயிற்று, ராத்திரி தூங்கும் இடமும் போயிற்று. குல்லாய்க் குரங்கு இப்போது உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் 'அழியும் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய' இனமாக இருக்கிறது. கோயிலில் நூறு குரங்குகளைப் பார்ப்பதால் எங்கும் நிறைய இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அவ்வளவுதான்!

சிலம்பில் பிறந்த தண்ணீர்

நூபுர கங்கை வந்துவிட்டது. 'நூபுரம்' என்றால் சிலம்பு. திருமால் உலகளந்தபோது அவருடைய கால் சிலம்பில் பட்டுத் தெறித்த தண்ணீர் இங்கே ஓடுகிறதாம். அதனால் சிலம்பாறு என்றும் சொல்கிறார்கள். அடிவாரத்தில் இருக்கும் கள்ளழகருக்குத் திருமஞ்சனம் செய்வது இந்தத் தண்ணீரில்தான். தீர்த்தத்துக்குக் காவலாக ராக்காயி அம்மன்.

தலையைக் காட்டினோம். ஜிலீர்! ஏறி வந்த களைப்பெல்லாம் பறந்துவிட்டது.

தண்ணீர் வழிந்து ஓடும் இடத்தில் ஒரு குரங்குக் கூட்டம். கடுவன் குனிந்து தண்ணீர் குடித்தது. இரண்டு குட்டிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்து இழுத்து விளையாடின. எங்களை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் கைகள் காலியாக இருந்தன, அல்லவா!

"பார்த்தீங்களா? உங்களுக்கு அது, அதுக்கு நீங்க. பிச்சையும் இல்ல, திருட்டும் இல்ல. ரெண்டு பேரும் சாமி கும்பிட வந்தவங்க மாதிரி" என்றார் தாத்தா.

கடலை என்ன ஆயிற்று?

மதியம் அடிவாரத்துக்கு இறங்கிவிட்டோம். அழகர்கோயில் தோசை தெரியுமா? மிளகு, சீரகம் போட்டு நெய்யில் சுடும் கனமான தோசை. பெருமாளுக்குப் படைக்கும் பிரசாதம். டீச்சர் எல்லோருக்கும் வாங்கினார். பள்ளி வேனுக்குள் ஏறி, ஜன்னல்களை மூடிக்கொண்டு சாப்பிட்டோம். வெளியே ஒரு கடுவன் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு, போய்விட்டது.

அப்போது நம் பையன் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தான். ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தான்.

"பாட்டி கேட்டா என்னடா சொல்வே?"

"குரங்குங்கதான் தின்னுச்சுன்னு சொல்வேன்!"

வேன் முழுவதும் சிரிப்பு. "பொய்யும் இல்ல!" என்று கத்தினாள் ஒரு மாணவி, வாய் நிறையக் கடலையோடு. அவள் கன்னம் இரண்டும் பந்து போல இருந்தன.

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் சொன்னார்: "பாட்டிகிட்ட அந்த மந்தியைப் பத்திச் சொல்லுடா. பஸ்ஸுக்கு முன்னாடி உட்கார்ந்திருந்துச்சே, அதைப் பத்தி."

அவன் ஜன்னல் வழியே மதிலைப் பார்த்தபடி தலையாட்டினான்.

குரங்கு எதிரே வந்தால்...

* ஓடாதீர்கள், கத்தாதீர்கள். மெதுவாகப் பின்னால் நகருங்கள்.
* கண்ணோடு கண் பார்க்காதீர்கள். பல்லைக் காட்டாதீர்கள்.
* கையில் தின்பண்டம், பிளாஸ்டிக் பை, பாட்டில் வைத்திருக்காதீர்கள்.
* பிடுங்கிவிட்டால் திரும்ப இழுக்காதீர்கள். பொருள் போனால் போகட்டும்!
* குட்டியைத் தொடவோ, தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் நிற்கவோ கூடாது.
* கடித்தாலோ, பிறாண்டினாலோ மறைக்காதீர்கள். உடனே சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பெரியவர்களிடம் சொல்லி அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடிக்குப் போடும் தடுப்பூசி இதற்கும் தேவைப்படலாம்.
* கொண்டுபோன பிளாஸ்டிக்கை மலையில் விடாமல் திரும்பக் கொண்டுவாருங்கள்.